பினாங்கு நாற்காலி

என் தங்கை மகன் அறந்தாங்கியில் வளைகுடா நாடுகளுக்கு ஆள் அனுப்பும் அலுவலகம் நடத்துகிறான். போன மாதம் ஓர் அச்சடித்த தாளைக் கொண்டுவந்து நீட்டி, "மாமா, பிழை பாத்துக் குடுங்க" என்றான். புதிதாக வேலைக்குப் போகிறவர்கள் புறப்படுமுன் செய்ய வேண்டியவை அதில் வரிசையாக இருந்தன. பாஸ்போர்ட், விசா, மருத்துவச் சோதனை, எத்தனை போட்டோ, எத்தனை கிலோ சாமான், இறங்கியதும் முதலில் யாரைப் பார்ப்பது என்று எல்லாம் இருந்தது. இரண்டு பிழைதான் அகப்பட்டது. திருத்திக் கொடுத்தேன்.

"ஒங்க காலத்துல இந்த மாதிரி தாளெல்லாம் உண்டா மாமா?"

"தாள் கிடையாது. ஒரு நாற்காலி உண்டு" என்றேன்.

அவன் சிரித்துவிட்டு, அதை எழுதிக் கொடுங்கள் என்றான். எனக்கும் பென்ஷன் இல்லாத ஓய்வுக்காலத்தில் வேறு பெரிய வேலை ஒன்றும் இல்லை. எழுதுகிறேன்.

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த நாற்பத்தெட்டாம் வருஷம் நான் வேலைக்குச் சேர்ந்தேன். புதுக்கோட்டை கீழராஜ வீதியில் ஒரு மாடிப்படிக்குக் கீழே, நீளத்தில் தாராளமும் அகலத்தில் கஞ்சத்தனமுமாக ஓர் அறை. அதுதான் கப்பல் டிக்கெட் ஏஜென்சி. மலாயாவுக்குப் போகிறவர்களுக்கு மனு எழுதுவது, பாஸ்போர்ட்டுக்கு அனுப்புவது, அம்மை குத்தவைப்பது, நாகப்பட்டினத்தில் கப்பல் ஏற்றிவிடுவது எல்லாம் அங்கே நடந்தன. முதல் இரண்டு வருஷம் நான் உறை ஒட்டினேன், ஸ்டாம்பு நக்கினேன், போட்டோ ஸ்டூடியோவுக்கு ஆள் கூட்டிப் போனேன். அந்த இரண்டு வருஷத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

மேனேஜர் சபாபதி பிள்ளை. வேட்டிக்கு மேல் கறுப்புக் கோட்டு போடுவார். அதன் முழங்கை இரண்டும் மேசையில் தேய்ந்து பளபளத்துக்கிடக்கும். யாரிடமும் குரல் உயர்த்திப் பேசமாட்டார். ஒரே கேள்வியை வந்ததும் ஒரு தரம், போட்டோ பார்க்கும்போது ஒரு தரம், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது ஒரு தரம் கேட்பார். மூன்று பதிலும் ஒன்றாக இருந்தால்தான் மையைத் தொடுவார். "மனுஷன் ஒரு தடவை ஞாபகத்துல இருந்து சொல்லுவான், ஒரு தடவை பயத்துல இருந்து சொல்லுவான். மூணாவது தடவைதான் அலுத்துப்போய் உள்ளதைச் சொல்லுவான்" என்பார்.

அறையின் கடைசியில் சுவரோரம் ஒரு நாற்காலி கிடந்தது. ஒரு கை உடைந்தது, பிரம்பு நடுவில் தொய்ந்தது. அதில் வேறு யாரும் உட்காரக் கூடாது. மனு எல்லாம் எழுதி முடிந்த பிறகு பிள்ளை எழுந்து போய் அதில் உட்காருவார். உட்கார்ந்ததும் ஆளே மாறிவிடுவார். காலை அகட்டி, முகவாயைத் தூக்கி, நம்மூர் மனிதரைப் பார்க்கிற பார்வையே இல்லாமல், "உம், அடுத்த ஆள்" என்பார். அப்போது அவர் பிள்ளை இல்லை, பினாங்குத் துறைமுகத்து அதிகாரி. அக்கரையில் கேட்கப்போகிற கேள்வியை எல்லாம் இக்கரையிலேயே கேட்டு முடித்துவிடுவார். அதனால் அதற்குப் பினாங்கு நாற்காலி என்று பேர்.

இந்த வழக்கம் சும்மா வரவில்லை. நான் சேருமுன்பு திருமயத்துப் பக்கத்துக் கொத்தனார் ஒருவர் போயிருக்கிறார். செட்டிநாட்டு வீடுகளில் இருபது வருஷம் சுண்ணாம்பு பூசிய கை. அக்கரையில் அதிகாரி, என்ன வேலை தெரியும் என்று கேட்டிருக்கிறார். பெரிய மனிதர் முன்னால் தற்பெருமை பேசலாமா? கொத்தனார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "எனக்கு என்னங்க தெரியும், ஏதோ ஒங்க புண்ணியம்" என்றிருக்கிறார். நடுவில் நின்று மொழிபெயர்த்த துபாஷி அதை அப்படியே சொல்ல, வேலை தெரியாதவன் என்று எழுதித் தனியே நிறுத்திவிட்டார்கள். வேலைக்கு அழைத்த முதலாளியே நேரில் வந்து சொல்லித்தான் மூன்றாம் நாள் விட்டார்களாம். நம்மூரில் அது மரியாதை, அங்கே அது வாக்குமூலம். அதிலிருந்துதான் பிள்ளை நாற்காலியில் உட்கார ஆரம்பித்தார்.

"என்ன வேலை தெரியும்?"

"ஏதோ கொஞ்சம்..."

"கொஞ்சம்னு சொன்ன ஆளு அங்கிட்டு நில்லு. அடுத்தது."

வந்தவர் வெலவெலத்துப்போய், "தெரியுங்க, நல்லாத் தெரியுங்க!" என்று கத்துகிறவரை விடமாட்டார். எத்தனை நாள் இருப்பாய் என்று கேட்டால் "போயிட்டு வந்துருவேங்க" என்று வாய் தானாகச் சொல்லும். வீட்டு வாசலில் சொல்கிற சொல் அது. அதையும் மறக்கடிப்பார். அம்மைத் தழும்பைக் காட்டு என்றால் வலது கையா இடது கையா என்று யோசிக்கக் கூடாது. அம்மைச் சீட்டை டிரங்குப் பெட்டிக்குள் வைக்கக் கூடாது, மடியில் இருக்க வேண்டும். பெட்டி கப்பலின் அடித்தட்டுக்குப் போய்விடும், சீட்டு இல்லாதவன் நோய்க்கு ஒதுக்கிவைக்கிற தனித்தீவில் கிடக்க வேண்டியதுதான். இறங்கிய ஊரில் அடையாளக் கார்டுக்குப் பதிந்துகொள்ளுமுன் கடைத்தெருவுக்குக்கூடப் போகக் கூடாது. இதையெல்லாம் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்பார்.

எனக்கு வயதுப் பத்தியை நிரப்பும் வேலை வந்தது. நம் ஆட்களுக்குப் பிறந்த தேதி தெரியாது. பெரும்புயல் அடித்த வருஷம், கண்மாய் உடைந்த வருஷம், பெரியவன் பிறந்து ஒரு வெள்ளாமை கழித்து என்று சொல்வார்கள். நான் கணக்குப் போட்டு, எல்லாருக்கும் ஜூலை முதல் தேதி என்று எழுதிவிடுவேன். எங்கள் மூலமாக மலாயா போன முக்கால்வாசிப் பேர் ஒரே நாளில் பிறந்தவர்கள். அதைப் பற்றி அக்கரையில் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நிஜமான தேதி எழுதிய ஒரு மனுவில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

வல்லத்திராக்கோட்டையைச் சேர்ந்த கருப்பையா என்பவர் மலாயாவில் ஈப்போ பக்கம் மளிகைக் கடை வைத்திருந்தார். நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவார். உடம்புக்கு முடியாமல் போகவே, மகன்கள் இரண்டு பேரையும் கடைக்கு வரவழைக்க அங்கே மனுப் போட்டார். அந்தச் சமயம் மலாயாவில் கெடுபிடி அதிகமாகிவிட்டது. அங்கே குடியிருக்கிறவருடைய பெண்டாட்டி பிள்ளை என்றால் விடுவார்கள். அந்தப் பிள்ளையும் ஒரு குறிப்பிட்ட வயதுக்குள் இருக்க வேண்டும். இதனால் அண்ணன் மகனை, தங்கை மகனை எல்லாம் தன் மகன் என்று எழுதி அழைத்துக்கொள்கிறவர்கள் பெருகினார்கள். அதிகாரிகளும் ஒவ்வொரு மகனையும் சந்தேகக் கண்ணோடு பார்க்க ஆரம்பித்தார்கள்.

கருப்பையாவின் பிள்ளைகள் மூத்தவன் மாணிக்கம், இளையவன் வேலு. இரண்டு பேரும் ஒரே உயரம். ஒருவன் ஆரம்பித்த வாக்கியத்தை மற்றவன் முடிப்பான். எட்டாம் வகுப்பு வரைக்கும் ஒரே பெஞ்சு. மாணிக்கத்தின் போட்டோவில் கண் மூடியிருந்ததால் அவன் மனு இரண்டு வாரம் தள்ளிப்போயிற்று. முதலில் வேலுவுக்கும் பிறகு மாணிக்கத்துக்கும் தனித்தனியாக எழுதினேன். இரண்டு பேருக்கும் ஜாதகம் இருந்தது. எனக்குப் பெரிய சந்தோஷம். ஒருவனுக்கு ஆவணி, ஒருவனுக்குத் தை. இங்கிலீஷ் தேதிக்கு மாற்றினேன். மாணிக்கத்துக்கு ஆகஸ்ட், வேலுவுக்கு அடுத்த வருஷத்து ஜனவரி. வருஷம் வேறு வேறு என்பதால் என் கண்ணுக்கு ஒன்றும் படவில்லை.

இரண்டு மனுவும் முடிந்த அன்றைக்கு மேனேஜர் பிள்ளைக்குக் காய்ச்சல். நான்தான் பினாங்கு நாற்காலியில் உட்கார்ந்தேன். முதல் தடவை என்பதால் முகவாயைக் கொஞ்சம் அதிகமாகவே தூக்கினேன். தாயார் பேர் என்ன என்றேன். இரண்டு பேரும் ஒரே குரலில் "சிவகாமிங்க" என்றார்கள். பள்ளிக்கூடச் சான்றிதழிலும் அதே பேர். அங்கே கருப்பையா எழுதிய மனுவிலும் அதே பேர்தான் இருந்தது. இத்தனை ஒற்றுமையாக ஒரு மனு அமைவது அபூர்வம் என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

ஆனி மாதம் கருப்பையாவிடமிருந்து கடிதம் வந்தது. கூடவே மலாயா அதிகாரி அவருக்கு அனுப்பிய கடிதத்தின் நகல். மாணிக்கத்துக்கு அனுமதி கொடுத்தாயிற்று. ஒரே தாய் ஐந்து மாத இடைவெளியில் இரண்டு பிள்ளை பெற முடியாது, ஆகவே வேலு என்பவன் மனுதாரரின் மகன் அல்ல என்று கருத வேண்டியிருக்கிறது, இரண்டு மாதத்துக்குள் தக்க சான்று வராவிட்டால் அவன் மனு தள்ளப்படும் என்று இருந்தது. தள்ளப்பட்டால் மறுபடி மனுப் போட்டுப் பதில் வருவதற்குள் வேலு வயது வரம்பைத் தாண்டிவிடுவான். பிறகு எந்தக் காலத்திலும் மகன் என்ற முறையில் உள்ளே விடமாட்டார்கள். அடியில் கருப்பையா, "இங்கிலீஷில் வந்திருக்கிறது, இளையவனுக்கு ஏதோ தடையாம். மூத்தவன் தம்பி இல்லாமல் வரமாட்டான். எனக்கு இரண்டு பேரும் வேண்டும். எப்படியாவது சரிசெய்யவும்" என்று எழுதியிருந்தார்.

இரண்டு மனுவின் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆகஸ்ட், ஜனவரி. ஒரு சின்னப் பிள்ளைகூட விரல் விட்டு எண்ணியிருக்கும். சபாபதி பிள்ளையிடம் கொண்டுபோய் வைத்தேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வருஷத்தைப் பாத்திருக்கே, மாசத்தைப் பாக்கலே" என்றார். "தப்பு ஒன்னோடது. இனிமே பேச வேண்டியது என் பொறுப்பு. வீட்டுல எல்லாரையும் வரச்சொல்லு."

மறுநாள் நாலு பேர் வந்தார்கள். முன்னால் வந்தவர் சிவகாமி. வாட்டசாட்டமான பெண்மணி. வந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து, அறை முழுவதையும் ஒரு பார்வை பார்த்தார். பின்னால் இரண்டு பிள்ளைகள். கதவுக்கு வெளியே படியிலேயே இன்னொரு பெண் நின்றார், மெலிந்த உடம்பு. "என் தங்கச்சி, அன்னம்" என்றார் சிவகாமி, திரும்பிப் பார்க்காமலே.

எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நான் தொண்டையைச் செருமினேன். "வேலு பிறந்த தேதியில ஒரு சிக்கல்ங்க. அவன்... வேலு யாருக்குப் பொறந்தவன்?"

"என்ன கேள்வி கேக்குறீங்க?" என்றார் சிவகாமி. "இவளுக்குத்தான். ஊருக்கே தெரியுமே."

நான் வாயைப் பிளந்தேன். விஷயம் இவ்வளவுதான். சிவகாமிக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம் பிள்ளை இல்லை. அவரே முன்னின்று தங்கையைத் தன் புருஷனுக்குக் கட்டிவைத்தார். அப்போது சமஸ்தானத்தில் அதற்குத் தடை ஒன்றும் கிடையாது. கட்டிவைத்த வருஷமே அக்காளும் உண்டானார், தங்கையும் உண்டானார்.

"அப்புறம் ஏன் பையன் ஒங்க பேரைச் சொன்னான்?"

"ஆத்தா பேரு கேட்டீங்க, சொன்னான். வீட்டுக்கு ஆத்தா நாந்தானங்க? இவ சின்னாத்தா. ஆத்தா பேரு கேட்டா சின்னாத்தா பேரையா சொல்லுவான்?"

அவர் கேட்டதில் ஒரு தவறும் இல்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேட்டபோதும் அப்படித்தான் சொன்னார்கள். கடல் தாண்டி மனு எழுதிய கருப்பையாவுக்கும் வேறு பேர் தோன்றவில்லை. இத்தனை பேரும் பொய் சொல்லாமலே ஒரு பொய்யைக் காகிதத்தில் ஏற்றிவிட்டோம். கிராமத்துப் பிறப்புப் பதிவேட்டில் ஏதாவது அகப்படுமா என்று போய்த் தேடினேன். இரண்டு பிறப்பும் இருந்தன. இரண்டிலும் தாய் என்ற இடத்தில் "கருப்பையா சம்சாரம்" என்று மட்டும் எழுதியிருந்தது.

ஆக, ஒரே வழிதான். பெற்றவள் மாஜிஸ்திரேட் முன்னால் நின்று, இவன் என் மகன் என்று பிரமாணப் பத்திரத்தில் கைநாட்டு வைக்க வேண்டும். பிள்ளை அதை நாலு பேரையும் வைத்துச் சொன்னார். சிவகாமி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். படியில் நின்றவர்தான் முதல் முறையாக வாயைத் திறந்தார்.

"நான் வைக்கமாட்டேன்."

"ஏம்மா?"

"பேரு வச்ச அன்னைக்கே அக்கா மடியில போட்டாச்சு. ரெண்டும் ஒனக்குத்தான்னு சொல்லித்தான் போட்டேன். போட்டதைத் திருப்பி எடுக்கமாட்டேன்."

சிவகாமி எழுந்தார். "எழுதணும்னா எழுதட்டும்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். அந்தக் குரலில் ஈரமே இல்லை என்று எனக்குத் தோன்றியது. பிள்ளைகள் இரண்டும் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றன. மாணிக்கம்தான், "தம்பி வராட்டி நானும் போகலைங்க. ரெண்டு டிக்கெட்டையும் கிழிச்சிருங்க" என்றான்.

இரண்டு வாரம் போயிற்று. நான் ஒருமுறை பஸ் ஏறிப் போய்ப் பேசிப் பார்த்தேன். அன்னம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, "அதான் சொல்லிட்டேனேங்க" என்றார், அவ்வளவுதான். அக்காளுக்குப் பயப்படுகிறார் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். திரும்பி வந்து சொன்னதும் பிள்ளை, "அந்தம்மாளையும் பையனையும் மட்டும் வரச்சொல்லு. மனு எழுத இல்லே, சும்மா வரட்டும்" என்றார்.

வந்தார்கள். பிள்ளை ஒன்றும் விளக்கவில்லை. எழுந்து போய்ப் பினாங்கு நாற்காலியில் உட்கார்ந்தார். காலை அகட்டினார். முகவாயைத் தூக்கினார்.

"பேரு?"

"அன்னம்."

"புருஷன் பேரு?"

அன்னம் வேலுவைப் பார்த்தார். அவன் "கருப்பையாங்க" என்றான்.

"எத்தனை பிள்ளை?"

"இல்லீங்க."

"ஒண்ணுகூட இல்லையா?"

"அக்காவுக்கு ரெண்டு."

"அக்கா எத்தனை பெத்தா?"

"ஒண்ணு."

"அப்ப இன்னொண்ணு எங்கேயிருந்து வந்துச்சு?"

அன்னம் தரையைப் பார்த்தபடி நின்றார். பிள்ளை அதே கேள்வியை மறுபடி கேட்டார். மூன்றாவது தடவை அவர் குரல் மாறிற்று. எட்டு வருஷத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

"நான் அக்கரை ஆபீசர். எனக்கு ஒங்க அக்காவையும் தெரியாது, மடியையும் தெரியாது. என் முன்னால ஒரு பையன் நிக்கிறான். அக்கா இவனைப் பெக்கலே, நீங்களும் பெக்கலைங்கிறீங்க. வேற யாரும் நாந்தான்னு வரலே. அப்ப இவன் யாரு வீட்டுப் பையன்? எங்கிட்டு இருந்து களவாண்டுக்கிட்டு வந்தீங்க?"

"யாரு களவாண்டது?"

அறையே அதிர்ந்தது. மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தவர் நின்று குனிந்து பார்த்தார். "மூணு நா வலிச்சுப் பெத்தேன். தலை திரும்பலைனு மருத்துவச்சி கைய விரிச்சுட்டா. யாரைப் பாத்துக் களவாண்டதுங்கிறீங்க? எம் மகன் இவன்!"

வேலு அழுதுவிட்டான். அவனுக்குத் தெரியாத விஷயம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வாயிலிருந்து அதுவரை அவன் அதைக் கேட்டதில்லை. பிள்ளை நாற்காலியை விட்டு எழுந்து, பழைய ஆளாகி, கையைக் கூப்பினார். "மன்னிச்சுக்கங்கம்மா. எனக்கு வேற வழி தெரியலே. ராமநாதா, சொன்னதை அப்படியே எழுது."

நான் பேனாவை எடுத்தேன். அப்போதுதான் அன்னம் கேட்டார்.

"இதை எழுதிக் குடுத்தா இவன் போயிருவான்ல?"

"போயிருவான்."

"எழுதாட்டி?"

பிள்ளைக்குப் பொய் சொல்லப் பழக்கமில்லை. "எழுதாட்டி இங்கேயே இருப்பான்" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்காளுக்குப் பயம், வாக்குக் கொடுத்த வைராக்கியம் என்று நான் நினைத்திருந்ததெல்லாம் பாதிதான். மகன் இல்லை என்று சொல்கிறவரைக்கும் அவன் கண் முன்னால் இருப்பான். மகன் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் கப்பல் ஏறிவிடுவான். வேலை தெரியுமா தெரியாதா, தழும்பு வலது கையிலா இடது கையிலா என்று எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இதற்கு என்ன சொல்லிக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பாவமாக இருந்தது, என் மேல் வெட்கமாகவும் இருந்தது.

"நாளைக்கு வாரேன்" என்று சொல்லி அன்னம் போய்விட்டார். வரமாட்டார் என்று நான் நினைத்தேன். மறுநாள் காலை நான் சாவியோடு வரும்போது படியில் உட்கார்ந்திருந்தார். முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டாராம். "குடுங்க, எங்கன வைக்கணும்?" என்று இடது கைப் பெருவிரலை நீட்டினார். மாஜிஸ்திரேட் முன்னாலும் தடுமாறவில்லை. இவன் யார் என்று கேட்டதற்கு, "எம் வயித்துல பொறந்தவன்" என்றார். வெளியே வந்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "இதை அக்காகிட்ட வாசிச்சுக் காட்டிறாதீங்க."

மூன்று நகல் எடுத்தோம். ஒன்று அதிகாரிக்கு, ஒன்று கருப்பையாவுக்கு, ஒன்று எங்கள் ஃபைலுக்கு. கெடு முடிய நாலு நாள் இருக்கும்போது அனுமதி வந்தது. ஆவணி கடைசியில் நானே இரண்டு பேரையும் நாகப்பட்டினம் கூட்டிப் போனேன். டிரங்கின் மேல் வெள்ளைப் பெயிண்டில் பேர், மடியில் அம்மைச் சீட்டு, காலரா ஊசி போட்ட கை வீங்கிக்கிடந்தது. கப்பலுக்குக் கொண்டுபோகும் படகில் ஏறும்போது வேலு, "தாயார் பேரு கேட்டா அன்னம்னு சொல்லணும், இல்லீங்களா?" என்று உறுதி செய்துகொண்டான். மாணிக்கம் பக்கத்தில் இருந்து, "நான் சிவகாமின்னு சொல்லணும்" என்றான். இரண்டு பேரும் வேறு வேறு பதில் சொன்னது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு பிள்ளை ஒரு விதி வைத்தார். உடன்பிறந்தவர்கள் மனு எதுவானாலும் ஒரே நேரத்தில் ஒரே மேசையில் எழுத வேண்டும்.

ஐப்பசியில் ஒருநாள் அன்னம் வந்தார். கையில் எண்ணெய்த் தூக்குச் சட்டி. கப்பல் போய்ச் சேர்ந்ததா, கடிதம் வந்ததா என்று கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். தூக்குச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, "அந்தக் காயிதம் இருக்குங்களா?" என்றார்.

"இருக்கு."

"என்ன எழுதியிருக்குன்னு ஒருக்கா வாசிங்க."

ஃபைலை எடுத்து வாசித்தேன். மேற்படி வேலு என்பவன் என் வயிற்றில் பிறந்த மகன் என்பதைச் சத்தியமாகத் தெரிவித்துக்கொள்கிறேன் என்ற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "எங்கன இருக்கு அது?" என்றார். விரலை வைத்துக் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, "சரி, வாரேங்க" என்று தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த மாதமும் வந்தார். அதற்கடுத்த மாதமும் வந்தார். நாலாவது மாதம் பிள்ளையே ஃபைலைப் பிரித்து அந்தத் தாளை எடுத்தார். ஆபீஸ் நகலை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று ஆயிரம் தடவை சொன்னவர் அவர். "இதுக்கு இனிமே இங்க வேலை இல்லேம்மா. நீங்களே வச்சுக்கங்க" என்று நீட்டினார்.

அன்னம் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "வேணாங்க. வீட்டுல வச்சா அக்கா கண்ணுல படும். அவுகளுக்கு மனசு சங்கடப்படும். இங்கயே இருக்கட்டும்."

அப்படியே இருந்தது. மாதம் ஒருமுறை எண்ணெய் வாங்க டவுனுக்கு வருவார், வாசிக்கச் சொல்வார், போவார். கல்யாணம், மழை, பிள்ளைகள் கடிதம் என்று ஒன்றிரண்டு வார்த்தை பேசுவோம். சில வருஷத்தில் எனக்கு அந்தத் தாள் மனப்பாடம் ஆகிவிட்டது. ஆனாலும் பார்க்காமல் சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டார். தாளை விரித்துத்தான் வாசிக்க வேண்டும்.

பிறகு மலாயாக் கதவு கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்திக்கொண்டது. மனு எழுத ஆள் இல்லை. சபாபதி பிள்ளை காலமானார். அறுபதுகளின் நடுவில் ஏஜென்சியை மூடினோம். ஃபைல்களை எல்லாம் எடைக்குப் போட்டார்கள். பினாங்கு நாற்காலி யாருக்கும் வேண்டாமல் படிக்குக் கீழே கிடந்தது. நான் அந்த ஒரு தாளை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். இனி அவர் டவுனுக்கு வந்தால் படி பூட்டியிருக்குமே, கையில் கொடுத்துவிட்டு வரலாம் என்று நினைத்தேன்.

வல்லத்திராக்கோட்டையில் வீட்டு வாசலில் சிவகாமிதான் இருந்தார். தலை நரைத்திருந்தது. அன்னம் வயலுக்குப் போயிருப்பதாகச் சொன்னார். நான் தாளைச் சட்டைப் பைக்குள் தள்ளிக்கொண்டு, சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்று ஏதோ உளறினேன். அவர் என் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் காயிதந்தானங்க?"

நான் பையைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"குடுத்துட்டுப் போயிராதீங்க. நீங்களே வச்சிருங்க. ஒங்க வீடு எங்கிட்டு இருக்குன்னு சொல்லுங்க, அவகிட்ட நான் சொல்லிக்கிறேன். அவ பாட்டுக்கு மாசம் ஒருக்கா வந்துட்டுப் போகட்டும்."

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? மாசா மாசம் தூக்குச் சட்டியக் குடுத்து டவுனுக்கு அனுப்புறதே நாந்தானங்க" என்றார் சிவகாமி. "எண்ணெய் நம்ம ஊருச் செக்குலயே கெடைக்கும்."